300ஆ, 650ஆ? தாரும் மண்ணும் கலந்து ஓட்ட நடுத்தர டூயல்-ஸ்போர்ட் எது?

பாதை_தேடி

வணக்கம் நண்பர்களே. ஒரே ஒரு பைக்தான் வைத்துக்கொள்ள முடியும். ஓட்டம் தார் 60, மண் 40 என்ற கணக்கில் வரும். வாரநாட்களில் போக வர 50 கி.மீ., அதில் பாதி நெடுஞ்சாலை. அவ்வப்போது இரண்டு மூன்று நாள் பயணம்: சரளை, காட்டுப்பாதை, தளர்ந்த கல் கிடக்கும் ஏற்றம், முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும் ஓடை. பின் சீட்டில் ஆள் கிடையாது. சாமான் 15 கிலோவைத் தாண்டாது.

உயரம் 170 செ.மீ., கவட்டையிலிருந்து தரைவரை 78 செ.மீ. ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட்டோடு சேர்த்து எடை 80 கிலோ.

பட்டியலில் இருப்பவை: ஹோண்டா சிஆர்எஃப்300எல், சுஸுகி டிஆர்650, கவாசாகி கேஎல்ஆர்650, கேடிஎம் 690 என்டியூரோ ஆர், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. ஸ்பெக் ஷீட்டை எல்லாம் படித்தாயிற்று. அதில் வராததைத்தான் கேட்கிறேன். மண்ணில் எது எங்கே சிக்கும், எதில் என்ன உடையும், வாங்கியவுடன் எதை மாற்ற வேண்டும்? ஹிமாலயன் தவிர மற்றவற்றின் சீட் உயரம் 88 செ.மீ. பக்கம் இருப்பது வேறு பயமுறுத்துகிறது.

ஒற்றை_சிலிண்டர்

ஸ்பெக் ஷீட்டில் முதலில் எடையைப் பாருங்கள், அதுவும் எந்த எடை என்று பார்த்துப் படியுங்கள். ஹோண்டா 142 கிலோ என்று சொல்வது பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றிய எடை. சுஸுகியின் 166, கவாசாகியின் 207, ஹிமாலயன் 450இன் 196, இவையும் அப்படியே. கேடிஎம் மட்டும் பெட்ரோல் இல்லாத எடையைச் சொல்லும் பழக்கம் உள்ள கம்பெனி. 690இன் 146 கிலோவோடு 13.5 லிட்டர் பெட்ரோலுக்கு 10 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஹோண்டாவோடு ஒப்பிட முடியும்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? தளர்ந்த கல் ஏற்றத்தில் எஞ்சின் அணைந்தால் பைக் பெரும்பாலும் பள்ளத்துப் பக்கம்தான் சாயும். அங்கே ஹேண்டில்பார், சீட்டை விடத் தாழ்வாகக் கிடக்கும். 142 கிலோ என்றால் ஒரு ஆள் முதலில் பின்சக்கரத்தை இழுத்துத் திருப்பிப் போட்டு, பிறகு தூக்கிவிடலாம். 166ஐயும் முறை தெரிந்தால் தூக்கலாம். 200ஐத் தாண்டிவிட்டால் இரண்டாவது தடவை விழும்போதே உடம்பு ஓய்ந்துவிடும். தனியாகப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி "ஓட்ட முடியுமா" என்பதல்ல, "மூன்றாவது தடவையும் தூக்க முடியுமா" என்பதுதான்.

தாரில் கதை தலைகீழ். சிஆர்எஃப்300எல்-இன் எஞ்சின் 286 சிசி, 27 குதிரைசக்தி. மணிக்கு 100 கி.மீ.யில் போகும், ஆனால் அதற்கு மேல் கையிருப்பு குறைவு. எதிர்க்காற்றும் ஏற்றமும் சேர்ந்தால் ஆறாவது கியர் தாங்காது, ஐந்துக்கு இறங்க வேண்டும். லாரியை முந்தத் தூரம் பார்த்துத் திட்டமிட வேண்டும். 2021இல் 250லிருந்து 300 ஆனபோது கீழ் ஐந்து கியர்களைக் குட்டையாக்கி, ஆறாவதை மட்டும் நீளமாக்கினார்கள். அது நல்ல வேலை. நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் கத்துவது அதனால்தான் குறைந்தது.

டிஆர்650 1996இலிருந்து அடிப்படை மாறாத 644 சிசி, காற்றாலும் ஆயிலாலும் குளிரும் எஞ்சின், கார்புரேட்டர், ஐந்தே கியர். 100 கி.மீ.யில் ஏறத்தாழ 4,000 ஆர்பிஎம். அதிர்வு கைக்கும் பாதத்துக்கும் வரும், ஆனால் எஞ்சின் திணறாது. பெரிய ஒற்றை சிலிண்டரின் உண்மையான லாபம் கீழ் ஆர்பிஎம் இழுவை. இரண்டாவது கியரில் பாதி கிளட்ச் போடாமல் ஏறும் இடங்கள் நிறைய. அதே லாபம் தளர்ந்த கல்லில் நஷ்டமாகலாம்: த்ராட்டிலை ஒரு சிட்டிகை கூடத் திருகினால் பின்சக்கரம் சுழன்று குழி பறிக்கும்.

கேஎல்ஆர்650 பற்றி நீட்டத் தேவையில்லை. 23 லிட்டர் டேங்க், காற்றுத்தடுப்புக் கண்ணாடி, 2022இலிருந்து ஃப்யூயல் இன்ஜெக்ஷன். சரளைவரை அருமை. நீங்கள் சொன்ன கல் ஏற்றம் அதன் வேலை இல்லை.

690 பட்டியலிலேயே வேறு சாதி. 2019இல் வந்த மாடலில் 693 சிசியில் 74 குதிரைசக்தி, ஆறு கியர். மண்ணிலும் தாரிலும் இரண்டையும் நிஜமாகவே செய்யும் ஒரே பைக் அதுதான் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சீட் 910 மி.மீ., பலகை மாதிரி ஒடுக்கம். நடக்கும் வேகத்தில் ஓட்டும்போது த்ராட்டில் வெடுக் வெடுக்கென்று பிடிக்கும். 78 செ.மீ. காலுக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சீட் உயரப் பயத்துக்கு வருகிறேன். ஸ்பெக்கில் இருக்கும் எண் ஆள் உட்காராத எண். நீங்கள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி பைக் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது ஸ்பிரிங்கைப் பொறுத்தது. சிஆர்எஃப்300எல்-இல் கம்பெனி போட்டு வரும் (ஸ்டாக்) ஸ்பிரிங் மிகவும் மெது, எளிதில் அமுங்கும். அதனால் 880 என்று போட்டிருந்தாலும் உட்கார்ந்தால் தாழ்வாகத் தெரியும். அதை நம்பி வாங்கிவிட்டு, பிறகு எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டால் சீட் மறுபடி மேலே போய்விடும். டிஆர்650இல் கம்பெனியே இன்னொரு வழி வைத்திருக்கிறது. பின் ஷாக்கின் கீழ்முனைக்கு இரண்டு துளை. இரண்டாவதுக்கு மாற்றி, முன் ஃபோர்க்கையும் இறக்கினால் சுமார் 40 மி.மீ. தாழும். அப்படிச் செய்தால் சைடு ஸ்டாண்டையும் குட்டையாக்கியே தீர வேண்டும். இல்லையென்றால் பைக் நேராக நின்று, காற்றடித்தால் மறுபக்கம் சாயும்.

உங்கள் கணக்குக்கு என் ஓட்டு: தாழ்த்திய டிஆர்650. கல் ஏற்றம் வாராவாரம் என்றால் மட்டும் சிஆர்எஃப்300எல்.

ஸ்பேனர்_பெட்டி

எது சிறந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. "என்ன உடையும்" என்று கேட்டதற்கு மட்டும் பதில்.

டிஆர்650: கிளட்சுக்குப் பின்னால், கியர் நியூட்ரலில் இருப்பதைச் சொல்லும் சுவிட்சை இரண்டு சிறிய ஸ்க்ரூ பிடித்திருக்கும். அவை எஞ்சினுக்கு உள்ளே இருக்கின்றன. அதிர்வில் தளர்ந்து விழுந்தால் கியர்களுக்கு நடுவே போகும். பிறகு கிரான்க்கேஸே (எஞ்சினின் அடிக்கூடு) விரிசல் விட வாய்ப்புண்டு. முன்னறிகுறி சில சமயம் மட்டும் கிடைக்கும்: நியூட்ரல் விளக்கு மினுக் மினுக்கென்று எரிவது, அந்த ஒயர் வழியில் ஆயில் கசிவது. செய்ய வேண்டியது: ஆயிலை வடித்து, வலதுபக்கக் கவரைக் கழற்றி, கிளட்ச் கூடையை வெளியே எடுக்க வேண்டும். ஸ்க்ரூவையும் துளையையும் பிரேக் கிளீனரால் துடைத்து, ஆயில் பிசுக்கு துளியும் இல்லாமல் காயவிட்டு, திரெட் லாக்கர் போட்டு இறுக்குங்கள். இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் தலையில் துளையிட்ட போல்ட் போட்டு, இரண்டையும் சேர்த்துக் கம்பி முறுக்கிவிடலாம். சுவிட்சைக் கையால் இழுக்கும்போது பின்னாலிருந்து ஒரு குட்டி ஸ்பிரிங்கும் முனையும் தெறித்து விழும், அதற்குக் கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். கவர் கேஸ்கெட் புதிதாக ஒன்று கையில் இருக்க வேண்டும். அரைநாள் வேலை.

அதே பைக்கில் கார்புரேட்டர் தொழிற்சாலையிலிருந்தே காற்று அதிகமான கலவையில் வரும், மாசு விதிக்காக. ஐட்லிங் கலவை ஸ்க்ரூவைப் பித்தளை மூடி போட்டு அடைத்திருப்பார்கள். மூடியை மெல்லத் துளைத்து எடுத்து, ஸ்க்ரூவைச் சரிசெய்தால் குளிரில் ஸ்டார்ட் ஆவதும், த்ராட்டிலை விடும்போது சைலன்சரில் படபடப்பதும் பாதி சரியாகிவிடும். ட்ரில் முனை உள்ளே பாய்ந்து ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடாதபடி முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

வால்வு கிளியரன்ஸ் (இடைவெளி) சரிசெய்ய இந்த எஞ்சினில் ஸ்க்ரூவும் பூட்டு நட்டும்தான். எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்டேக் 0.08 முதல் 0.13 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.17 முதல் 0.22 மி.மீ. ஃபீலர் கேஜும் பொறுமையும் போதும். கேஎல்ஆரில் இதே வேலைக்கு கேம்ஷாஃப்டைக் கழற்றி, ஷிம் (அளவுத் தகடு) மாற்ற வேண்டும். பைக் வாங்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் கேட்பதில்லை, ஐந்து வருடம் வைத்திருப்பவர்தான் உணர்வார்.

கேஎல்ஆர்650 பழையது எடுப்பதாக இருந்தால்: உள்ளே பேலன்சர் (எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பாகம்) செயினை இறுக்கும் லீவரும் அதன் ஸ்பிரிங்கும் பலவீனம். 1987 முதல் 2007வரை வந்த லீவரே உடையும். 2008க்குப் பிறகு லீவர் தேறியது, ஆனால் ஸ்பிரிங் இழுக்க வேண்டிய அளவு இழுக்காது. ஸ்பிரிங் உடைந்தாலும் வெளியே சத்தம் தெரியாது, அதுதான் சிக்கல். வலுவான மாற்று லீவர் சந்தையில் கிடைக்கும். மாட்டுவதற்கு ரோட்டரைக் கழற்றும் புல்லர் கட்டாயம். அதன் பிறகு அவ்வப்போது வெளியிலிருந்தே அந்தப் பூட்டு போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானே செயினை இறுக்கிக்கொள்ளும், உடனே திரும்ப இறுக்கிவிடலாம். அந்த போல்ட்டுக்கு முறுக்கு மிகக் குறைவு. நீளக் கைப்பிடி ரென்ச்சை அதில் வைப்பவர் தலை முறிந்த போல்ட்டோடுதான் வெளியே வருவார்.

பழைய கேஎல்ஆரிலும் ஹோண்டா எக்ஸ்ஆர்650எல்-இலும் சாமான் பாரத்தில் சப்ஃப்ரேம் (சீட்டையும் சாமானையும் தாங்கும் பின்சட்டம்) போல்ட் அறுந்துபோகும். 2022 கேஎல்ஆரில் சப்ஃப்ரேமை மெயின் ஃப்ரேமோடு சேர்த்தே செய்துவிட்டார்கள். போல்ட் பிரச்சினை போயிற்று, ஆனால் வளைந்தால் தனியாகக் கழற்றி மாற்ற வழியில்லை.

690: பின்பக்க பெட்ரோல் டேங்கே சப்ஃப்ரேம். பிளாஸ்டிக் டேங்க் உங்கள் சாமானையும் சேர்த்துச் சுமக்கிறது. பெட்டி கட்டி, கல்லில் குதித்தால் டேங்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் அறும். பெட்ரோல் மூடியும் சீட்டுக்குப் பின்னால் என்பதால் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் மூட்டையை நகர்த்த வேண்டும். ஹைட்ராலிக் கிளட்சின் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது இன்னொன்று. லீவர் பஞ்சு மாதிரி ஆனால் முதலில் அங்கே பாருங்கள். ஆரம்ப வருட மாடல் என்றால் ராக்கர் ஆர்ம் பேரிங் சத்தத்தையும் கேட்டுவிட்டு எடுங்கள்.

சிஆர்எஃப்300எல் இயந்திரத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை. சஸ்பென்ஷன்தான் அதன் வியாதி.

புழுதி

ஒற்றை_சிலிண்டர் சொன்னதில் பாதிக்கு ஒத்துக்குறேன், முடிவுக்கு ஒத்துக்கல. கல் ஏற்றம் "வாராவாரம்னா மட்டும்" 300ன்னு சொல்றார். மாசத்துக்கு ஒரு தடவை போறவருக்குத்தான் லேசான பைக் வேணும். தினமும் ஓட்டுறவனுக்குப் பழக்கம் கை கொடுக்கும், எப்பவாவது போறவருக்கு எடைதான் கை கொடுக்கும். நெடுஞ்சாலை அவருக்கு ஒருநாளைக்கு 25 கி.மீ.தான். அதுக்காக 24 கிலோ கூடுதலா மலை ஏத்தணுமா?

ஹிமாலயன் 450ஐ ஏன் யாரும் தொடவே இல்ல? 452 சிசி, தண்ணியில குளிர்ற எஞ்சின், 40 குதிரைசக்தி, ஆறு கியர், 17 லிட்டர் டேங்க். சீட் 825க்கும் 845க்கும் மாத்திக்கலாம், அவர் காலுக்கு இதுதான் பொருந்துது. தாருல 60 சதவீதம் ஓடுறவருக்கு இந்தப் பட்டியல்லயே வசதியான உட்காரு. ஆனா இது டூயல்-ஸ்போர்ட் இல்ல, அட்வென்ச்சர், அதாவது மண்ணை விட நீளப் பயணத்துக்கான வகை. சஸ்பென்ஷன் ஓட்டம் (சக்கரம் மேலும் கீழும் நகர்ற தூரம்) 200 மி.மீ., கேஎல்ஆரும் அதே பக்கம்தான், மத்த மூணுலயும் 250, 260. சரளையில வித்தியாசம் தெரியாது. முழங்கால் அளவு படிக்கல்லுல அடியில இடிக்கும்போது தெரியும். 196 கிலோங்கறத மேல சொல்லிட்டாங்க.

பைக்கை விட டயர் பெருசு, இதைப் பலபேர் கவனிக்கிறதில்ல. இந்த அஞ்சுலயும் முன்னாடி 21 இன்ச். பின்னாடி டிஆர்650, கேஎல்ஆர், ஹிமாலயன் 17 இன்ச். சிஆர்எஃப், 690 ரெண்டும் 18. மண்ணைப் பிடிக்க ரப்பர் கட்டி கட்டியா வச்ச நல்ல என்டியூரோ டயர் பெரும்பாலும் 18லதான் வரும். 17ல தேடித்தான் எடுக்கணும், டன்லப் டி606 மாதிரி சிலது இருக்கு. தாருல அதிகம் ஓடுறவர் மிட்டாஸ் இ-07, ஹைடனாவ் கே60 மாதிரி நீளமா உழைக்கிறதைப் பின்னாடி போட்டு, முன்னாடி மட்டும் கட்டி டயர் போடலாம். பின்சக்கரம் வழுக்கினா சமாளிச்சிடலாம், முன்சக்கரம் வழுக்கினா தரையிலதான்.

காத்து: தாருல சாமானோட 30 பிஎஸ்ஐ பக்கம். சரளைக்கு 22. மணல், சேறுன்னா 15 வரைக்கும் இறக்கலாம். கல்லுல 18க்குக் கீழ போனா ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். பைக் கனமா இருந்தா 20க்குக் கீழயே போகாதீங்க. திரும்பத் தார் ஏறினதும் காத்தடிக்க ஒரு சின்ன பம்ப் கட்டாயம். 18 பிஎஸ்ஐல 100 கி.மீ. வேகத்துல ஓட்டினா டயர் சூடேறி ட்யூப் ஒட்டு விட்டுடும்.

பாதை_தேடி

மிக்க நன்றி. 690உம் கேஎல்ஆரும் பட்டியலிலிருந்து போய்விட்டன. ஹிமாலயன் சரளைப் பயணத்துக்கு ஆசை காட்டுகிறது, கல்லை நினைத்தால் தயக்கம். ஆக சிஆர்எஃப்300எல்ஆ டிஆர்650ஆ என்று வந்து நிற்கிறது. மூன்று சந்தேகம்.

1. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் மண்ணுக்கு நல்லது என்கிறார்கள். தாரில் எவ்வளவு இழப்பு?
2. ஸ்பிரிங் எனக்குப் போதுமா போதாதா என்று வாங்கும் முன்பே எப்படி அளப்பது?
3. ஓடையில் டிஆர்650 அணைந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். காற்று ஃபில்டர் நனையாத ஆழத்திலும் அணையுமா?

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) பற்றியும் ஒரு வரி.

ஒற்றை_சிலிண்டர்

புழுதியின் வாதம் நியாயமானதுதான். 24 கிலோ என்பதை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்று நினைக்கவில்லை, ஆனால் இவர் எவ்வளவு தடவை விழுவார் என்பது எனக்குத் தெரியாது.

ஸ்ப்ராக்கெட் கணக்கு எளிது. டிஆர்650 ஸ்டாக் 15/42 (முன் 15 பல், பின் 42 பல்), விகிதம் 2.80. முன்னால் 14 போட்டால் 3.00. அதே வேகத்துக்கு ஆர்பிஎம் 7 சதவீதம் கூடும். 4,000 இருந்த இடத்தில் சுமார் 4,300. முதல் கியரில் நடக்கும் வேகத்துக்குக் கிளட்சைத் தேய்க்க வேண்டியிராது, ஐந்து கியர் பெட்டிக்கு இது பெரிய நிவாரணம். பின்னால் மூன்று பல் கூட்டி 15/45 போட்டாலும் அதே 3.00தான். வித்தியாசம் என்ன? சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் கூர்மையாக மடங்கும், அதனால் இரண்டும் சீக்கிரம் தேயும். ஆனால் முன் ஸ்ப்ராக்கெட் கைப்பிடி அளவு, பயணத்துக்கு முன் மாற்றி, வந்து திரும்ப மாற்றலாம். ஒரு பல் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் செயின் நீளத்தைத் தொடத் தேவையில்லை, ஆக்சிலை நகர்த்தித் தொய்வைச் சரிசெய்தால் போதும். தொய்வை ஆள் உட்கார்ந்த நிலையிலும் பாருங்கள்: நீளமாக ஓடும் சஸ்பென்ஷனில் பாதி அமுங்கிய இடத்தில்தான் செயின் மிக இறுக்கமாகும். நின்ற நிலையில் சரியாகத் தெரியும் செயின் அங்கே கிட்டார் கம்பியாகி, கியர்பெட்டி பேரிங்கைத் தின்னும்.

சிஆர்எஃப்300எல் 14/40. அதில் 13 போட்டால் கிட்டத்தட்ட 8 சதவீதம். ஆறாவது கியரை நீளமாக்கியதன் லாபம் அதில் போய்விடும். ஆறு கியர் இருக்கும் பைக்கில் முதலில் ஸ்டாக்கிலேயே ஓட்டிப் பாருங்கள்.

ஏபிஎஸ்: டிஆர்650இல் கிடையவே கிடையாது. சிஆர்எஃப்300எல் ஏபிஎஸ் மாடலில் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்கும் பட்டன் உண்டு, சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி இயங்கத் தொடங்கிவிடும். ஹிமாலயன் 450இலும் பின் ஏபிஎஸ் அணைக்கலாம். கேஎல்ஆரில் அணைக்க முடியாது. இறக்கத்தில் தளர்ந்த கல்லில் பின் ஏபிஎஸ் இயங்கினால் பைக் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும், அதனால்தான் இந்தக் கேள்விக்கு மதிப்பு.

ஸ்பேனர்_பெட்டி

ஸ்பிரிங் அளவெடுக்கும் முறை. டேப்பும் உதவிக்கு இன்னொரு ஆளும் போதும்.

பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்க விடுங்கள். ஆக்சில் நடுவிலிருந்து நேர்மேலே ஃபெண்டரில் ஒரு டேப் துண்டு ஒட்டி, அந்தத் தூரத்தை அளங்கள். இது முதல் அளவு. பிறகு பைக்கைத் தரையில் நேராக நிறுத்தி, ஆள் இல்லாமல் அளங்கள். சீல் உராய்வு பொய் சொல்லும் என்பதால் சீட்டை ஒருமுறை அமுக்கிவிட்டு மெல்ல விட்டு ஓர் அளவு, மெல்லத் தூக்கி விட்டு ஓர் அளவு, இரண்டின் நடு. இது இரண்டாவது. கடைசியாக ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் போட்டு, சாமானும் கட்டி, கால் இரண்டையும் ஃபுட்பெக்கில் வைத்து உட்காருங்கள். உதவியாள் முன்னாலிருந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது.

முதலிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஆள் அமுக்கம். 260 மி.மீ. ஓட்டம் உள்ள இந்த இரண்டு பைக்குக்கும் அது 80 முதல் 90 மி.மீ. இருக்க வேண்டும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதிகமாக இருந்தால் ஷாக்கின் மேல் வளையத்தை இறுக்குங்கள். இறுக்குவதற்கு முன் மரையில் உள்ள மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அலுமினிய மரை பிய்ந்து வளையம் அங்கேயே சிக்கும்.

இனிதான் முக்கியம். 85 மி.மீ.க்குக் கொண்டுவந்த பிறகு, முதலிலிருந்து இரண்டாவதை மறுபடி கழித்துப் பாருங்கள். பைக் தன் சொந்த எடையிலேயே 25 முதல் 35 மி.மீ. இறங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருத்தம். 10தான் இறங்குகிறது, அல்லது இறங்கவே இல்லை என்றால் ஸ்பிரிங் மெது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "இறங்கவே மாட்டேங்குது, ஸ்பிரிங் ரொம்பக் கடினம்" என்று இன்னும் மெதுவானதைத் தேடுவார்கள். மெதுவான ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கிவைத்ததால்தான் அது பைக்கின் எடைக்கு அசையவில்லை. அப்படிப்பட்ட பைக் சின்னப் பள்ளத்தில் தூக்கிப்போடும், பெரிய பள்ளத்தில் அடிவரை இடிக்கும். 80 கிலோ ஆளும் 15 கிலோ சாமானும் ஸ்டாக் சிஆர்எஃப்300எல்-இல் இந்த நிலைக்குத்தான் வந்து நிற்கும். பின் ஸ்பிரிங்கும் முன் ஃபோர்க் ஸ்பிரிங்கும் சேர்த்தே மாற்றுங்கள். பின்னால் மட்டும் மாற்றினால் பைக் முன்னால் குனிந்து, மணலில் முன்சக்கரம் உழும். டிஆர்650உம் ஸ்டாக்கில் மெதுதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

புழுதி

ஓடை பத்தி. ஆமா, ஃபில்டர் நனையாமலே அணையும். ஸ்டாக்ல விட்டா டிஆர்650, பழைய கேஎல்ஆர், பழைய டிஆர்-இசட்400 எல்லாத்துக்கும் இந்த வியாதி உண்டு. கார்புரேட்டர் ஃப்ளோட் சேம்பருக்கு (பெட்ரோல் தேங்கி நிக்கிற அறை) மூச்சுவிட ஒரு ரப்பர் குழாய் கீழ தொங்கும். அதோட வாய் தண்ணிக்குள்ள போயிட்டா சேம்பர்ல காத்தழுத்தம் மாறி, பெட்ரோல் ஜெட்டுக்கு ஏறாது. ஓடை நடுவுல பம்மிப் பம்மி அணையும், கரைக்குத் தள்ளிட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கரண்ட் கோளாறுன்னு நினைச்சு ப்ளக், காயில்னு கழட்டிட்டு உக்காந்திருப்பாங்க. வழி: அந்தக் குழாயைப் பாதியில வெட்டி, டி வடிவ இணைப்பு ஒண்ணு போட்டு, மூணாவது கிளையை இன்னொரு துண்டுக் குழாயோட மேல ஏத்தி டேங்குக்கு அடியில விடுங்க. கீழ் வாய் அடைச்சாலும் மேல மூச்சு விடும். மேல போற குழாய் மடங்காம, காத்து நேரா அடிக்காத இடத்துல இருக்கணும். இன்ஜெக்ஷன் பைக்குல ஃப்ளோட் சேம்பரே இல்ல, இந்தத் தொல்லையும் இல்ல. சிஆர்எஃப்புக்கு ஒரு பாயிண்ட்.

ஓடையில பைக் சாஞ்சு எஞ்சின் அணைஞ்சா, அங்கேயே செல்ஃப் அடிக்காதீங்க. சிலிண்டர்ல தண்ணி போயிருந்தா தண்ணியை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். கரைக்கு இழுத்து, முதல்ல ஏர்பாக்ஸ் திறந்து ஃபில்டரைப் பாருங்க. காஞ்சிருந்தா பயமில்ல. நனைஞ்சிருந்தா ப்ளக்கைக் கழட்டி, கில் சுவிட்ச் அணைச்ச நிலையில, துளைக்கு முன்னாடி முகத்தை நீட்டாம செல்ஃப் அடிச்சுத் தண்ணியை வெளியேத்துங்க. சில பைக்குல கில் சுவிட்ச் போட்டா செல்ஃபே வேலை செய்யாது. அப்போ ப்ளக் கேப்பை எஞ்சின் மேல எர்த் பண்ணி, பெட்ரோல் புகை இல்லாத பக்கம் வச்சு அடிக்கணும். அப்புறம் ஆயில் பார்க்கிற கண்ணாடி. பால் கலந்த காபி நிறத்துல இருந்தா ஆயில் மாத்தாம ஒரு கி.மீ. கூட ஓட்டக்கூடாது.

இன்னொண்ணு, டயர் மாத்தும்போது யாராவது ட்யூப் வால்வு நட்டை ரிம்மோட இறுக்கி விட்டிருப்பாங்க. அதைத் தளர்த்தி, மேல மூடி வரைக்கும் ஏத்தி விட்டுடுங்க. காத்து குறைச்சு ஓட்டும்போது டயரும் ட்யூபும் ரிம்முல கொஞ்சம் கொஞ்சமா நகரும். நட்டு இறுகியிருந்தா வால்வு அடியோட பிஞ்சுடும். தளர்வா இருந்தா வால்வு சாஞ்சு நிக்கும், காலையில கிளம்பும்போது ஒரு பார்வையிலேயே தெரிஞ்சிடும். சாஞ்சிருந்தா காத்தை முழுசா இறக்கி, டயரை எதிர்ப்பக்கமா இழுத்து நேராக்கி, திரும்ப அடிச்சுட்டுக் கிளம்புங்க.